கேட்டவர்க்கெல்லாம் தந்தை: யாப்பேத்தின் வழிமரபுக் கதைகள்

நோவாவுக்குப் பிள்ளைகள் மூவர். சேமின் வழியில் ஆபிரகாம் வருவதால் ஆதியாகமத்தின் மீதிக் கதை முழுவதும் சேம் வீட்டுக் கதையாகிவிடுகிறது. காம், திராட்சரசத்தில் மயங்கிக் கிடந்த தகப்பனின் நிர்வாணத்தைக் கண்டு, தன் மகன் கானானுக்குச் சாபம் தேடித் தந்தவன். மூன்றாமவனான யாப்பேத் என்ன செய்தான் என்று பார்த்தால் ஒரு கைவிரல்களுக்குள் எண்ணி முடித்துவிடலாம். பேழையில் ஏறினான், சேமோடு சேர்ந்து பின்புறமாக நடந்துபோய்த் தகப்பன்மேல் ஆடை போர்த்தினான், ஒரு வாழ்த்தைப் பெற்றான், ஏழு பிள்ளைகளைப் பெற்றான். அவன் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததாக ஏட்டில் இல்லை. எப்போது இறந்தான், எங்கே அடக்கமானான் என்பதும் இல்லை. மூத்தவன் அவனா சேமா என்பதுகூடத் தெளிவாக இல்லை. ஆதியாகமம் 10:21ஐ எபிரேய மூலத்தில் இரண்டு விதமாகவும் படிக்கலாம். இவ்வளவு வெறுமையான ஒருவனைத்தான் ஆர்மீனியரும் ஜார்ஜியரும், கசார்களும் துருக்கியரும், அயர்லாந்தின் புலவர்களும் வேல்ஸ் நாட்டுப் பாதிரியார்களும், கீவ் நகரத்துத் துறவிகளும் அக்பரின் அரண்மனை வரலாற்றாசிரியரும் தங்கள் ஆதித் தகப்பன் வரிசையில் எழுதிவைத்தார்கள். கடவுளே இல்லை என்று சொன்ன சோவியத் அரசின் மொழியியல்கூடச் சில பத்தாண்டுகள் இவன் பெயரில் நடந்தது.

இந்தக் கதைகளை இரண்டு விதமாகப் படிக்கும் பழக்கம் உண்டு. பழங்கால இடப்பெயர்வுகளின் மங்கிய நினைவு இவற்றில் தங்கியிருக்கிறது என்பார்கள் ஒரு சாரார். வெறும் புனைவு, தள்ளிவிட்டுப் போக வேண்டியது என்பார்கள் மறு சாரார். இரண்டுமே போதாது என்பது இக்கட்டுரையின் வாதம். இவை கொடிவழி வடிவத்தில் எழுதப்பட்ட விண்ணப்பங்கள். ஒரு மக்கள்கூட்டம் தன்னைவிடப் பெரிய ஒரு சபைக்குள் நுழையும் நேரத்தில், அந்தச் சபை மதமோ பேரரசோ கல்வியுலகமோ எதுவானாலும், தனக்கும் அங்கே ஓர் இருக்கை முன்பே போடப்பட்டிருக்கிறது என்று காட்ட யாப்பேத்தைச் சாட்சிக்கு அழைக்கிறது. ஆகவே இந்த மரபுகள் தாம் பேசும் காலத்தைப் பற்றிக் கொஞ்சமே சொல்கின்றன. தாம் எழுதப்பட்ட காலத்தைப் பற்றி நிறையச் சொல்கின்றன.

மூலப் பட்டியலிலிருந்தே தொடங்கலாம். ஆதியாகமம் 10ஆம் அதிகாரம் யாப்பேத்தின் பிள்ளைகளாக கோமர், மாகோகு, மாதாய், யாவான், தூபால், மேசேக்கு, தீராஸ் என்று எழுவரைச் சொல்கிறது. கோமருக்கு அஸ்கினாஸ், ரீப்பாத்து, தொகர்மா என மூவர். யாவானுக்கு எலீசா, தர்ஷீஸ், கித்தீம், தொதானீம் என நால்வர். மொத்தம் 14 பெயர்கள். 19ஆம் நூற்றாண்டில் அசீரியக் களிமண் பலகைகள் படிக்கப்பட்டபோது இந்தப் பெயர்களில் பாதிக்கு மேல் உயிர்பெற்று எழுந்தன. கோமர் என்பது அசீரியர் கிமிர்ராய் என்றெழுதிய கிம்மேரியர், அஸ்கினாஸ் அவர்கள் அஷ்குசா என்ற சிதியர், மாதாய் மேதியர், தூபாலும் மேசேக்கும் அனதோலியாவின் தபால், முஷ்கி நாடுகள், தொகர்மா தில்கரிம்மு என்ற ஊர். கித்தீம் சைப்ரஸ் தீவின் கித்தியோன் துறைமுகம். கிம்மேரியர் அசீரிய ஆவணங்களில் தலைகாட்டுவது கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில். சிதியர் அடுத்த நூற்றாண்டில். வெள்ளத்துக்குப் பிறகு பிறந்த பேரப்பிள்ளைகளின் பட்டியல் என்று சொல்லப்படுவது, உண்மையில் அசீரியப் பேரரசின் வடக்கு, மேற்கு எல்லைகளில் யார் யார் நடமாடினார்கள் என்பதன் பதிவு. எசேக்கியேல் 27ஆம் அதிகாரம் இதே பெயர்களைத் தீரு நகரத்தின் வணிகக் கணக்கில் அடுக்குகிறது. யாவானும் தூபாலும் மேசேக்கும் அடிமைகளையும் வெண்கலப் பாத்திரங்களையும் கொண்டுவருகிறார்கள். தொகர்மா வீட்டார் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் கொண்டுவருகிறார்கள். எரேமியா 51ஆம் அதிகாரத்தில் பாபிலோனை எதிர்க்க அழைக்கப்படும் நாடுகளில் அஸ்கினாசும் ஒன்று. சந்தையிலும் போர்க்களத்திலும் கேள்விப்பட்ட பெயர்களே குடும்ப மரத்தில் கிளைகளாகியிருக்கின்றன.

இங்கே ஒரு மறுப்பு எழும். பெயர்கள் உண்மையானவை என்றால் உறவும் உண்மையாக இருக்கக்கூடாதா? கிரேக்கரும் மேதியரும் சிதியரும் பேசியவை இந்தோ-ஐரோப்பிய மொழிகள் என்று இன்று தெரியும். மூவரையும் ஒரே தகப்பனின் கீழ் வைத்த எபிரேய எழுத்தர் மொழியியல் கண்டுபிடித்ததை முன்பே உணர்ந்திருந்தாரா? கேள்வி நியாயமானதே, ஆனால் பட்டியலின் மற்றப் பகுதிகள் இதற்கு இடம் தரவில்லை. ஏலாம் சேமின் மகனாக நிற்கிறான். ஏலாமியர் மொழிக்கும் செமித்திய மொழிகளுக்கும் உறவு இல்லை. கானான் காமின் மகன். கானானியரின் பேச்சோ எபிரேயத்துக்கு வீட்டோடு ஒட்டிய தாழ்வாரம் போன்றது. ஏத்து என்பவன் அந்தக் கானானின் பிள்ளை. அவன் பெயரோடு ஒத்த ஹத்தி நாட்டின் மொழி மிகப் பழைய இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் ஒன்று என்று 1915இல் மொழியறிஞர் ஹ்ரோஸ்னி நிறுவினார். சேபா என்ற பெயர் ஒரே அதிகாரத்தில் காமின் வழியிலும் வருகிறது, சேமின் வழியிலும் வருகிறது. மொழியோ இரத்தமோ இந்தப் பட்டியலின் சூத்திரமாக இருந்தால் இத்தனை முரண்கள் வரா. எகிப்தின் செல்வாக்கு வட்டத்தில் இருந்தவர்கள் காம். கீழ்த்திசையிலும் பாலைவனத்திலும் இருந்தவர்கள் சேம். வடக்கு மலைகளிலும் மேற்குக் கடலிலும் இருந்தவர்கள் யாப்பேத் என்று நிலத்தையும் அரசியலையும் வைத்துப் பார்த்தால் பெரும்பாலான முரண்கள் தீர்ந்துவிடுகின்றன. அந்த அதிகாரமும் தேசம், பாஷை, வம்சம், ஜாதி என்ற நான்கையும் ஒரே மூச்சில் சொல்லி, எதையும் தனியே பிரித்துக் காட்டாமல் விடுகிறது. உறவுச்சொற்களால் வரைந்த நிலப்படம் அது.

யாவான் என்ற பெயரைப் பார்த்ததுமே தமிழ் வாசகருக்குப் பொறி தட்டும். அயோனியர் என்ற கிரேக்கக் கிளையின் பெயரே எபிரேயத்தில் யாவான், பழம்பாரசீகத்தில் யௌனா, வடமொழியில் யவன, தமிழில் யவனர். அகநானூற்றில் யவனரின் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்புகின்றன. முல்லைப்பாட்டில் யவனர் அரசனின் பாசறையைக் காவல் காக்கிறார்கள். நெடுநல்வாடையில் யவனர் செய்த பாவை விளக்கு எரிகிறது. சின்ன ஆசியாவின் கடற்கரையில் வாழ்ந்த ஒரு பிரிவினரின் பெயர், மேற்கே இருந்து கப்பலேறி வருகிற யாருக்கும் பொதுப்பெயராகிக் கிழக்கே பரவியது. பெயர் பயணம் செய்தது. அதைச் சுமந்த மக்கள் ஒவ்வொரு துறைமுகத்திலும் வேறு வேறு. தமிழ் வேதாகமமும் இந்த இரட்டை நிலையைக் காட்டுகிறது. ஆதியாகமத்தில் யாவான் ஓர் ஆளின் பெயர். தானியேல் நூலில் அதே எபிரேயச் சொல் கிரேக்க தேசம் என்று பெயர்க்கப்பட்டிருக்கிறது. ஆளா நாடா என்ற கேள்விக்கு மூலமே இடம் வைத்திருக்கிறது. பின்னால் வந்த எல்லா மரபுகளும் புகுந்த வாசல் அதுதான்.

அந்த வாசலில் முதலில் நுழைந்தவர்கள் யூதர்களே. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யூபிலிகள் என்ற நூல், நோவா தன் மூன்று பிள்ளைகளுக்கும் சீட்டுப்போட்டு உலகத்தைப் பங்கு பிரித்துக்கொடுத்ததாகச் சொல்கிறது. யாப்பேத்துக்கு வடக்கே குளிர்நாடு, காமுக்குத் தெற்கே வெயில்நாடு, சேமுக்கு இரண்டும் கலந்த நடுநாடு. கானான் தன் பங்குக்குப் போகாமல் சேமின் பங்கில் அத்துமீறிக் குடியேறினான் என்று அந்நூல் சேர்த்துச் சொல்லும்போதுதான் பாகப்பிரிவினையின் நோக்கம் விளங்குகிறது: இஸ்ரவேலர் கானான் நாட்டைப் பிடித்தது அபகரிப்பல்ல, பறிபோன பூர்வீகச் சொத்தை மீட்டது. சுமார் 250 ஆண்டுகள் கழித்து, கி.பி. 93 வாக்கில் ரோமில் இருந்து எழுதிய யூத வரலாற்றாசிரியர் ஜோசீபஸுக்கு வேறு தேவை இருந்தது. தம் மக்களின் வேதம் உலகம் முழுவதையும் அறிந்திருந்தது என்று அவர் கிரேக்க, ரோமானிய வாசகர்களுக்குக் காட்ட வேண்டும். கோமர் வழியில் கலாத்தியர், மாகோகு வழியில் சிதியர், தீராஸ் வழியில் திரேசியர், தூபால் வழியில் இபேரியர் என்று ஒவ்வொரு பெயருக்கும் தம் கால மக்கள் ஒருவரைப் பொருத்தினார். யாப்பேத்தின் நிலம் தாரஸ் மலையில் தொடங்கி ஸ்பெயினின் காதிஸ் துறைமுகம்வரை நீண்டது. அசீரிய எல்லையை வரைந்த படம் ரோமானியப் பேரரசின் படமாக விரிந்துவிட்டது.

ஜோசீபஸ் சொன்ன இபேரியா காக்கேசிய மலையடிவாரத்தில் இருந்தது, இன்றைய ஜார்ஜியா. அதே பெயர் ஸ்பெயின் தீபகற்பத்துக்கும் உண்டு. கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த கிறிஸ்தவ அறிஞர் ஜெரோம் இரண்டு வாய்ப்புகளையும் பதிவு செய்தார். 7ஆம் நூற்றாண்டின் செவில் நகர இசிதோர் ஸ்பெயினை உறுதியாக்கினார். பிறகு ஸ்பானிய வரலாற்று நூல்கள் பலவற்றில் தூபாலே முதல் குடியேற்றக்காரன். பெயர் ஒற்றுமை ஒன்றே ஒரு நாட்டுக்கு ஆயிரம் ஆண்டுக்குமேல் மூதாதையைத் தந்தது. இசிதோரின் நூல் 1472இல் ஆக்ஸ்பர்கில் அச்சானபோது அதிலிருந்த வட்ட வடிவ உலகப்படம் ஐரோப்பாவில் அச்சேறிய முதல் உலகப்படமாகவும் ஆனது. அதில் ஆசியா என்ற சொல்லுக்கு அடியில் சேம், ஐரோப்பாவுக்கு அடியில் யாப்பேத், ஆப்பிரிக்காவுக்கு அடியில் காம் என்று அச்சிட்டிருந்தது. இந்தப் பங்கீடு தொன்றுதொட்டு மாறாமல் இருந்தது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. 14ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதும் விரும்பிப் படித்த மாண்டவில் பயணக்கதையைத் திறந்தால் அந்த எண்ணம் உடைகிறது. அங்கே ஆப்பிரிக்கா சேமுக்கு, ஆசியாவோ காமுக்கு. மங்கோலியப் பேரரசனின் கான் என்ற பட்டத்தைக் காம் என்ற பெயரோடு சேர்த்து வாசித்ததே காரணம். உலகின் மிகப் பெரிய அரசன் யாரோ அவனுக்கு மிகப் பெரிய பங்கு போய்ச் சேர்கிறது.

மரபு விண்ணப்பமாக மாறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் காக்கேசியத்துக்குத்தான் போக வேண்டும். ஆர்மீனிய வரலாற்றின் தந்தை எனப்படும் மொவ்சேஸ் கொரெனாட்சி, தம் மக்களின் முதல்வன் ஹாய்க் என்பவனை யாப்பேத், கோமர், தீராஸ், தொகர்மா, ஹாய்க் என்ற வரிசையில் நிறுத்துகிறார். ஆதியாகமத்தில் தீராஸ் கோமரின் தம்பி, இங்கே மகனாகிறான். வேதத்தையே தலைமேல் வைத்துக்கொண்டாடிய ஒருவர் வேதத்தின் வரிசையைத் திருத்துகிறார் என்றால் அந்த இடத்தில் வேலை நடந்திருக்கிறது என்று பொருள். அவருடைய ஹாய்க், பாபிலோனின் கொடுங்கோலன் பேலுக்கு அடிபணிய மறுத்து வடக்கே போய், துரத்திவந்த பேலை அம்பெய்து கொல்கிறான். பேரரசுகளுக்கு நடுவே நசுங்கிய ஒரு சிறு நாடு, அடிமையாகப் பிறக்கவில்லை என்று உலக வரலாற்றின் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொள்கிறது. 11ஆம் நூற்றாண்டில் ஜார்ஜிய ஆயர் லியோந்தி ம்ரோவெலி எழுதிய வரலாற்றில் தர்காமோஸ், அதாவது தொகர்மா, எட்டுப் பிள்ளைகளின் தகப்பன். ஆர்மீனியரின் ஹாவோஸ் மூத்தவன். ஜார்ஜியரின் கார்த்லோஸ் அடுத்தவன். பிறகு லேகோஸ், காவ்காசோஸ், எக்ரோஸ் முதலானோர். ஆர்மீனிய மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். ஜார்ஜிய மொழி கார்த்வேலியக் குடும்பம். லேகோஸ் வழியினரின் தாகெஸ்தான் மொழிகள் வேறொரு குடும்பம். மொழியால் ஒட்டாத எட்டுப் பேர் ஒரு தகப்பனின் பிள்ளைகள் ஆனது, அவர்கள் ஒரே மலைத்தொடரைப் பங்கிட்டு வாழ்ந்ததால். மூத்தவன் இடத்தை அண்டை வீட்டுக்காரனுக்கு விட்டுக்கொடுத்திருப்பது ஜார்ஜிய எழுத்தரின் பணிவைவிட, ஆர்மீனிய மரபு முந்தி எழுதப்பட்டுவிட்டது என்பதற்கே சான்று.

இஸ்லாமிய மரபில் நடந்தது இன்னும் கூர்மையான சான்று. குர்ஆனில் யாபித், அதாவது யாப்பேத், பெயர் இல்லை. விரிவுரைகளிலும் வரலாறுகளிலும்தான் வருகிறார். வரலாற்றாசிரியர் தபரி தொகுத்த பழைய செய்தி ஒன்றில் அரபியரும் பாரசீகரும் ரோமரும் சேமின் மக்கள், நல்லவர்கள்; துருக்கியரும் ஸ்லாவியரும் யஃஜூஜ், மஃஜூஜும் (கோகு, மாகோகு) யாபித்தின் மக்கள், நன்மை இல்லாதவர்கள். துருக்கியர் அப்போது எல்லைக்கு அப்பால் இருந்த அச்சுறுத்தல். சந்தையில் விற்கப்பட்ட அடிமைப் போர்வீரர்கள். 1055இல் செல்ஜூக் துருக்கியர் பாக்தாதுக்குள் ஆட்சியாளர்களாக நுழைந்தார்கள். அடுத்த சுமார் இருபது ஆண்டுகளில் அதே நகரில் மஹ்மூத் காஷ்கரி துருக்கி மொழிக்கு அகராதி எழுதி கலீபாவுக்குக் காணிக்கையாக்கினார். அதில் நோவாவின் மகன் யாபித்தின் மகன் துருக் என்பவனே அம்மக்களின் முதல்வன் என்பது தலைநிமிர்ந்து சொல்லும் செய்தி. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மங்கோலிய அரசர்களின் அமைச்சர் ரஷீத் அல்-தீன் புல்வெளி நாடோடிகளின் பழங்கதை நாயகன் ஓகுஸ் கானையே யாபித்தின் வழியில் சேர்த்தார். 16ஆம் நூற்றாண்டில் அபுல் ஃபசல் அக்பர்நாமாவில் தம் பேரரசரின் கொடிவழியை யாபித், துருக் வழியாகவே இறக்குகிறார். தகப்பன் மாறவில்லை, பிள்ளைகள் சிம்மாசனம் ஏறியதும் தகப்பனின் மதிப்பு ஏறிவிட்டது. இதே நூற்றாண்டுகளின் ஓரத்தில், யூத மதத்தை ஏற்ற கசார் அரசன் ஜோசப்பின் பெயரில் வழங்கும் 10ஆம் நூற்றாண்டுக் கடிதம் ஸ்பெயினிலிருந்த யூத அமைச்சருக்குத் தன் குலத்தை விளக்குகிறது. சேமின் வழி என்று சொல்லிக்கொண்டிருக்கலாம், சொல்லவில்லை. தொகர்மாவின் பத்துப் பிள்ளைகளில் கசார் ஒருவன் என்கிறது. யூதனாவதற்கு இஸ்ரவேலின் இரத்தம் வேண்டியதில்லை என்ற ஓர் இருக்கையையே அந்தக் கடிதம் கேட்கிறது. இந்தியாவுக்கு இந்த முறை வந்தபோது விழுந்தது காமின் பங்கில். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீஜப்பூர் அவையில் எழுதிய ஃபிரிஷ்தா, காமின் மகன் ஹிந்த், அவன் மகன்களில் ஒருவன் தக்கான், தக்கானின் பிள்ளைகள் மராட், கன்ஹர், திலங் என்று மூவர் எனச் சொல்கிறார். மராட்டியம், கன்னடம், தெலுங்கு. தமிழ் நிலத்துக்குப் பிள்ளை இல்லை. பீஜப்பூர் அரண்மனை மாடத்திலிருந்து அன்று கண்ணுக்குத் தெரிந்த தக்காணத்தோடு குடும்பம் நின்றுவிட்டது.

ஐரோப்பாவின் வடக்கு ஓரங்களிலும் இதே கதைதான், விரைந்து கடக்கலாம். அயர்லாந்தின் குடியேற்ற நூல் மாகோகு வழியைப் பிடித்தது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீவில் தொகுக்கப்பட்ட ஆண்டுக்குறிப்பு நோவாவின் பாகப்பிரிவினையில் தொடங்கி ஸ்லாவியரை யாப்பேத்தின் பங்கில் வைத்தது. கிறிஸ்தவத்துக்குள் வந்து நூறு ஆண்டுகள் சற்றே கடந்த நாடு அது. 1498இல் வித்தேர்போ ஊரின் அன்னியுஸ் என்ற துறவி, பழைய பாபிலோனிய வரலாற்றாசிரியர் பெரோசஸ் எழுதியது என்று ஒரு போலிநூலை ரோமில் அச்சிட்டு, ஜெர்மானியருக்காக நோவாவுக்கே புதிதாக ஒரு மகனைப் பெற்றுத் தந்தார். சுவீடனின் கடைசிக் கத்தோலிக்கப் பேராயர்களில் ஒருவரான யோகான்னஸ் மாக்னுஸ், சீர்திருத்தத்தால் நாட்டை இழந்து ரோமில் இருந்தபடி மாகோகிலிருந்து தம் நாட்டு அரசர் வரிசையை எழுதினார். 1554இல் வெளியான அந்நூலில் இல்லாத அரசர்கள் பலர் உருவானார்கள். அந்த எண்ணிக்கையை நம்பியே பின்வந்தவர்கள் பதினான்காம் எரிக், ஒன்பதாம் கார்ல் என்று பட்டம் சூடினார்கள். இன்றைய அரசர் பதினாறாம் கார்ல் குஸ்தாவ் என்று எண்ணப்படுவதும் அதன் தொடர்ச்சிதான். பிரெத்தன் துறவி பெஸ்ரோன் 1703இல் முன்வைத்த கருத்தை ஏற்று, வேல்ஸில் தியோபிலஸ் எவன்ஸ் 1716இல் தம் மக்களின் பெயரான கம்ரி என்பதைக் கோமரோடு இணைத்தார். கம்ரி என்பதற்கு ஒரே நாட்டார் என்பதுதான் வேர்ப்பொருள். ஆனாலும் 1814இல் வெளிவந்த முதல் வெல்ஷ் வார இதழின் பெயர் கோமரின் நட்சத்திரம். ஆங்கிலத்தின் நிழலில் கரைந்துகொண்டிருந்த ஒரு மொழிக்கு, ஆங்கிலத்தைவிட மூத்த மொழி என்ற நிமிர்வை அந்தப் பெயர் தந்தது.

இத்தனையும் புனைவு என்றால் ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்கலாம். இந்தப் புனைவுக்கு அடியில் ஒரு கொள்கை இருந்தது: மனிதர் அனைவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1655இல் இசாக் லா பெய்ரேர், ஆதாமுக்கு முன்பே வேறு மனிதர்கள் இருந்தார்கள், வேதம் யூதரின் கதையை மட்டுமே சொல்கிறது என்று எழுதியபோது அவர் நூல் எரிக்கப்பட்டது. அவருக்குப் பின் அதே வாதத்தைக் கையில் எடுத்தவர்களில் பலர், கறுப்பினத்தவர் வேறு ஆதியில் தோன்றிய வேறு உயிர் என்று நிறுவவே அதைப் பயன்படுத்தினார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் எல்லாரையும் நோவாவின் பேரப்பிள்ளைகளாக்கிய மரபு பெருந்தன்மை உடையதாகத் தோன்றும். ஆனால் ஒரே குடும்பம் என்பதால் சமம் ஆகிவிடுமா? குடும்பத்துக்குள்ளேயே மூத்தவன், இளையவன், சாபம் பெற்றவன் என்ற அடுக்கு உண்டு. யாப்பேத் பெற்ற வாழ்த்தைப் பாருங்கள். அவன் பெருகுவான், சேமின் கூடாரங்களில் குடியிருப்பான், கானான் அவனுக்கு அடிமையாவான் என்பது ஆதியாகமம் 9:27இன் கருத்து. கூடாரத்தில் குடியிருப்பது யாப்பேத்தா கடவுளா என்பதற்குக்கூட மூலத்தில் இரண்டு வாசிப்பு உண்டு. யூபிலிகள் கடவுள் என்றே படித்தது. தல்மூத் ஞானிகள் யாப்பேத் என்றே படித்து, வேதத்தைக் கிரேக்க மொழியில் எழுதலாம் என்பதற்கு அனுமதி கண்டார்கள்: யாப்பேத்தின் அழகு சேமின் கூடாரத்துக்குள் வரட்டும். அகுஸ்தீன் அதில் புறவினத்தார் திருச்சபைக்குள் வருவதைக் கண்டார். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அடிமைமுறையைக் காத்து நின்ற போதகர்கள் வெள்ளையர் பூர்வகுடிகளின் நிலத்தில் பரவுவதையும் ஆப்பிரிக்கர் அடிமைகளாக உழைப்பதையும் அந்த ஒரே வசனத்தில் கண்டார்கள். சாபம் விழுந்தது கானான்மேல். அதை ஆப்பிரிக்காமேல் ஏற்றியது வாசித்தவர்களின் தேவை. மொழி, சபை, நிலம் என்று ஒரு கூடாரம் மூன்று வேளையில் மூன்று பொருளானது. கேட்டவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் வரமோ வன்முறையோ.

கடைசியாக ஒரு மறுப்பு: இதெல்லாம் நவீன அறிவியல் வருமுன் நடந்தவை, ஒப்பிலக்கணம் பிறந்ததும் யாப்பேத் ஓய்வு பெற்றுவிட்டான் அல்லவா? நடந்தது அதுவல்ல. ஒப்பிலக்கணம் அந்த வீட்டுக்குள்தான் பிறந்தது. 1767இல் ஜேம்ஸ் பார்சன்ஸ் ஐரோப்பிய, இந்திய மொழிகளின் எண்ணுப்பெயர்களை ஒப்பிட்டு எழுதிய நூலுக்கே யாப்பேத்தின் எச்சங்கள் என்று பெயர். 1781இல் ஷ்லோசர் சேமின் பெயரால் செமித்திய மொழிகள் என்று பெயரிட்டது இன்றும் எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. சமஸ்கிருதமும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரே ஊற்றிலிருந்து வந்தன என்று 1786இல் சொன்ன வில்லியம் ஜோன்ஸ், 1792இல் ஆசியக் கழகத்தில் ஆற்றிய உரையில் மனித குலத்தை மூன்று கிளைகளாகப் பிரித்தபோது இந்தியரையும் கிரேக்கரையும் காமின் வழியிலும், தார்த்தாரியரை யாப்பேத்தின் வழியிலும் வைத்தார். பார்சன்ஸ் யாப்பேத்துக்குத் தந்த மொழிகளையே ஜோன்ஸ் 25 ஆண்டுகளில் காமுக்கு மாற்றினார். சான்று ஒன்றே, தகப்பன் வேறு. மொழிகளுக்கிடையே உள்ள உறவைக் கண்டதில் ஜோன்ஸ் சரியாக இருந்தார். அந்த உறவுக்குப் பெயர் வைக்கத்தான் பழைய ஏட்டைத் தேடினார். 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளைச் சிதியக் குடும்பத்தோடு சேர்த்தபோது அவர் பார்த்தது இலக்கணக் கூறுகளை; ஆனால் அவர் கைக்குக் கிடைத்த பெயர், ஜோசீபஸ் மாகோகின் பிள்ளைகளுக்குத் தந்த பெயர்.

இந்த வரிசையின் கடைசி ஆள் நிக்கலாய் மார். ஜார்ஜியாவின் குத்தாயிசியில் பிறந்தவர். ஆர்மீனிய, ஜார்ஜியத் தொல்லியலிலும் இலக்கியத்திலும் உண்மையான அறிஞர். ஜார்ஜிய மொழி செமித்திய மொழிகளோடு உடன்பிறந்தது என்று கருதிய அவர், சேமுக்குச் சகோதரன் யார் என்ற கணக்கில் 1908 வாக்கில் அதன் குடும்பத்துக்கு யாப்பேத்தியம் என்று பெயரிட்டார். தர்காமோஸ் கதையை எழுதிய நாட்டிலிருந்து வந்தவருக்கு அந்தப் பெயர் வாயில் வந்தது வியப்பல்ல. 1921இல் பெத்ரோகிராதில் யாப்பேத்திய ஆய்வுக்கழகம் எழுந்தது. பாஸ்கு, எத்ருஸ்கன் என்று குடும்பம் பெருகிக்கொண்டே போய், இறுதியில் உலகின் எல்லா மொழிகளும் சல், பேர், யோன், ரோஷ் என்ற நான்கு அசைகளிலிருந்து வந்தவை என்றும், யாப்பேத்தியம் ஒரு குடும்பம் அல்ல, எல்லா மொழிகளும் கடந்துவரும் ஒரு வளர்ச்சிப் படி என்றும் ஆனது. வர்க்கப் போராட்டத்தோடு ஒட்டவைக்கப்பட்டதும் அரசு அதை ஏற்றது. மார் 1934இல் இறந்த பின்னும் அது கோலோச்சியது. 1950 ஜூன் 20 அன்று இன்னொரு ஜார்ஜியரான ஸ்டாலின் பிராவ்தா நாளிதழில் எழுதிய கட்டுரைதான் முடிவுகட்டியது. கிறிஸ்தவ உலகத்துக்குள் ஆர்மீனியர் செய்ததையும், கலீபாவின் நகரில் துருக்கியர் செய்ததையும், உலகப் புரட்சியின் சபையில் ஒரு சிறு நாட்டின் மொழிக்காக ஒருவர் செய்தார். மேற்கு ஐரோப்பா ஆரியத்தை மையமாக வைத்து வரைந்த படத்தில் தம் மொழிக்கு இருக்கை இல்லை. அதனால் எல்லா இருக்கைக்கும் கீழே தம் மொழியை அடித்தளமாகப் போட்டார்.

மாரின் நான்கு அசைகள் ஆதியில் இனக்குழுப் பெயர்கள். அவற்றில் யோன் என்பது அயோனியரின் பெயர். அதாவது யாவான், அதாவது யவனர். எபிரேய எழுத்தர், சங்கப் புலவர், சோவியத் அறிஞர் மூவரின் கையிலும் ஒரே சொல் வந்து சேர்ந்திருக்கிறது. அறிஞர் அதை எல்லா மொழிக்கும் விதையாக்கினார். எழுத்தர் அதை நோவாவின் பேரனாக்கினார்; தூரத்துக் கடலில் தெரிந்த பாய்மரத்துக்கு உரியவனையும் தம் வீட்டுக் கணக்கில் சேர்க்காமல் அவருக்கு உலகம் முழுமை பெறவில்லை. சேர்த்தபின், யார் யாருடைய கூடாரத்தில் குடியிருப்பது என்ற வழக்கு ஈராயிரம் ஆண்டுகள் நீண்டது. சங்கப் புலவரோ அவனிடமிருந்து பொன்னை வாங்கி, மிளகைக் கொடுத்து, விளக்கைப் பாராட்டி, பெயரை மட்டும் வைத்துக்கொண்டார். அவன் யார் பிள்ளை என்று கேட்கவில்லை.